1989 டாப்ஸ் பேஸ்பால் கார்டு பெட்டியும் கிரெக் ஜெஃப்ரிஸும்

டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட 1989-ஆம் ஆண்டுக்கான பேஸ்பால் கார்டு பெட்டி (வீரர்களின் படமும் ஆட்டக் கணக்கும் அச்சிட்ட அட்டைகள் கொண்டது), அச்சாகி முப்பத்தைந்து ஆண்டுகள் கடந்த பிறகும், சீல் பிரிக்கப்படாமல் அமெரிக்கச் சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. இணையத்தில் விற்பவர்களிடமும், வார இறுதிகளில் ஓட்டல் அரங்குகளில் நடக்கும் கார்டு கண்காட்சிகளிலும், எளிய உணவகம் ஒன்றில் இருவர் சாப்பிட ஆகும் செலவில் ஒரு பெட்டியை வாங்கிவிடலாம். உள்ளே 36 பாக்கெட்டுகள் இருக்கும். ஒவ்வொரு பாக்கெட்டிலும் 15 கார்டுகளும் ஒரு பபிள்கம் வில்லையும் இருக்கும். ஆக மொத்தம் 540 கார்டுகள். லாபத்தை எண்ணி வாங்க நினைப்பவர்கள் இந்த மதிப்புரையை இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். அவர்களுக்கு இதில் எதுவும் இல்லை. நான் இந்தப் பெட்டியை வாங்கியது ஒரே ஒரு கார்டை மனத்தில் வைத்துத்தான்: 233-ஆம் எண், நியூயார்க் மெட்ஸ் அணியின் கிரெக் ஜெஃப்ரிஸ்.

அந்தக் கார்டின் முகப்பில் அவருடைய படத்தோடு ‘ஃபியூச்சர் ஸ்டார்’ (வருங்கால நட்சத்திரம்) என்ற முத்திரையும் கொட்டை எழுத்தில் அச்சாகியிருக்கும். 792 கார்டுகள் கொண்ட அந்த ஆண்டுத் தொகுப்பில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கே அந்த முத்திரை கிடைத்தது. இன்று பார்க்கையில், பிறந்த குழந்தையின் ஜாதகத்தை அச்சடித்துக் கடைகளில் விற்றதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று தோன்றும். ஆனால் 1989-இல் அந்தக் கணிப்பைச் சந்தேகிக்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கார்டின் பின்பக்கத்திலுள்ள கணக்கைப் படித்தாலே அது விளங்கிவிடும்.

ஜெஃப்ரிஸ் 1967 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் பர்லிங்கேமில் பிறந்தவர். சான் மேட்டியோவில் அவர் படித்த ஹுனிப்பெரோ செரா உயர்நிலைப் பள்ளி, அவருக்குச் சில ஆண்டுகள் முன்னதாக பேஸ்பால் நட்சத்திரம் பேரி பாண்ட்ஸையும், பிற்பாடு அமெரிக்கக் கால்பந்தின் டாம் பிரேடியையும் உருவாக்கிய பள்ளி. தந்தையே பயிற்சியாளர். நீச்சல் குளத்தில் இறங்கி, தண்ணீருக்கு அடியில் மட்டையை வீசும் பயிற்சி இந்தக் குடும்பத்தின் அடையாளமாகவே பேசப்பட்டது. தண்ணீரின் தடையை எதிர்த்து வீசிப் பழகிய கைக்கு, வெறும் காற்றில் மட்டை இறகாகிவிடும் என்பது அதன் தர்க்கம். வலக்கையாலும் இடக்கையாலும் ஆடக்கூடிய அவரை, 1985-ஆம் ஆண்டு வீரர் தேர்வின் முதல் சுற்றில், 20-ஆவது ஆளாக மெட்ஸ் எடுத்துக்கொண்டது.

அதன்பின் மைனர் லீக்கில், அதாவது தலையாய மேஜர் லீக்குக்கு ஆட்களைத் தயார்படுத்தும் கீழ்நிலைப் போட்டிகளில், நடந்தது உண்மையிலேயே அசாதாரணமானது. 1987-இல் மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகர அணிக்கு ஆடியபோது அவருடைய பேட்டிங் சராசரி 0.367, 20 ஹோம் ரன்கள் (பெரும்பாலும் பந்தை எல்லைக்கு வெளியே அடித்துப் பெறுபவை), அவர் மட்டையால் அணிக்கு வந்து சேர்ந்த ரன்கள் 101. பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும்: சராசரி என்பது மட்டை பிடித்த முறைகளில் ஹிட் (பேஸை எட்ட உதவும் அடி) அடித்த விகிதம்; அது 0.300-ஐத் தொட்டாலே ஒருவரைச் சிறந்த மட்டையாளர் என்று கொண்டாடுவார்கள். ‘பேஸ்பால் அமெரிக்கா’ இதழ் மைனர் லீக்கின் ஆண்டின் சிறந்த வீரர் விருதை 1986-இலும் 1987-இலும் அடுத்தடுத்து அவருக்கே கொடுத்தது. அதற்கு முன் அந்த விருதை எவரும் இரண்டு முறை வாங்கியதில்லை. 1987 செப்டம்பரில், இருபது வயதில், மேஜர் லீக்கில் எட்டிப் பார்த்தார். ஆறு முறை மட்டை பிடித்து மூன்று முறை ஹிட் அடித்தார்.

எதிர்பார்ப்பை உச்சத்துக்கு ஏற்றியது 1988-ஆம் ஆண்டின் கடைசி வாரங்கள்தான். ஆகஸ்டு இறுதியில் மெட்ஸ் அவரை மேலே அழைத்தது. 29 ஆட்டங்களில் சராசரி 0.321, ஹோம் ரன்கள் 6. அந்த ஆண்டு 100 ஆட்டங்களில் வென்றிருந்த மெட்ஸ், மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீக்கின் இறுதித் தொடரில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்று வெளியேறியது. அந்தத் தொடரிலும் இந்த இளைஞரின் சராசரி 0.333. நியூயார்க் ரசிகர்களுக்கு இது போதுமானதாக இருந்தது. 1983-இல் டேரில் ஸ்ட்ராபெர்ரியும் 1984-இல் டுவைட் குடனும் சிறந்த புதுமுக விருதை மெட்ஸுக்கு வரிசையாகக் கொண்டுவந்ததைப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். அணியின் மூத்த வீரர்களான கீத் ஹெர்னாண்டஸுக்கும் கேரி கார்ட்டருக்கும் வயதாகிக்கொண்டிருந்தது. 1986 சாம்பியன் அணியின் இடத்தை அடுத்து நிரப்பப் போகிறவர் யார் என்ற கேள்விக்கு ஜெஃப்ரிஸின் பெயர்தான் விடையாக வந்தது. அவருக்கு இரண்டாம் பேஸில் (தடுப்பாட்டக்காரர் நிற்கும் இடங்களில் ஒன்று) இடம் ஒதுக்குவதற்காக, 1986 அணியில் எல்லோருக்கும் பிடித்தவராக இருந்த வாலி பேக்மேனை, 1988 டிசம்பரில் மினசோட்டாவுக்கு அனுப்பிவிட்டார்கள். நூறு ஆட்டங்கள்கூட ஆடாத ஒருவருக்காக, உடன் ஆடி உலகத் தொடரை வென்ற தோழன் வெளியேறியதை மற்ற வீரர்கள் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

இந்தச் சூழலில்தான் 1989 டாப்ஸ் பெட்டி கடைகளுக்கு வந்தது. பிளீர், டான்ரஸ், ஸ்கோர் ஆகிய போட்டி நிறுவனங்கள் 1988-லேயே ஜெஃப்ரிஸின் கார்டை வெளியிட்டுவிட்டன.  டாப்ஸின் வழக்கமான தொகுப்பில் அவர் இடம்பெற்றது 1989-இல்தான். ஆகவே ரசிகர்கள் பாக்கெட் பாக்கெட்டாகக் கிழித்துத் தேடிய பெயர்களில் அவருடையது முதல் வரிசையில் இருந்தது.

இவ்வளவு தேடப்பட்ட பொருள் இன்று இவ்வளவு மலிவாக இருப்பதற்கான காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளாக இந்தச் சந்தை டாப்ஸின் ஏகபோகமாக இருந்தது. 1980-இல் வந்த ஒரு நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து 1981-இல் பிளீரும் டான்ரஸும், பின்னர் 1988-இல் ஸ்கோரும், 1989-இல் அப்பர் டெக்கும் உள்ளே வந்தன. அதே காலத்தில், ஐம்பதுகளில் வந்த மிக்கி மேன்டில் போன்றவர்களின் கார்டுகள் பெருந்தொகைக்கு விலைபோவதைப் பார்த்த பெற்றோர்களும் பிள்ளைகளும், இந்தக் கார்டுகளும் ஒரு நாள் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிவிடும் என்று நம்பிப் பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்கினார்கள். நிறுவனங்களும் சளைக்காமல் அச்சடித்துத் தள்ளின. 1952-ஆம் ஆண்டு டாப்ஸ் மேன்டில் கார்டு ஒன்று 2022-இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனதற்குக் காரணம், அந்தக் காலத்து அம்மாக்கள் அவற்றைக் குப்பையில் போட்டதுதான். 1989-இல் யாரும் எதையும் குப்பையில் போடவில்லை. எல்லாரும் பத்திரப்படுத்திய பொருளுக்கு விலை ஏறுவதற்கு வழியே இல்லை. எண்பதுகளின் பிற்பாதியிலிருந்து தொண்ணூறுகளின் தொடக்கம் வரையிலான கார்டுகளைச் சேகரிப்பாளர்கள் ‘ஜங்க் வாக்ஸ்’ (மெழுகுத்தாள் பாக்கெட்டில் வந்த குப்பை) என்று அழைக்கிறார்கள். இந்தப் பெட்டி அதன் நட்ட நடுவில் நிற்கிறது.

இனிப் பொருளைப் பற்றி. பாக்கெட்டுகள் மெழுகு பூசிய தாளில் மடித்து, சூட்டில் ஒட்டப்பட்டவை. ஓரத்தில் விரல் நகத்தை நுழைத்தாலே மடிப்பு பிரிந்துவிடுகிறது. இன்றைய பளபளப்பான உலோகத்தாள் பாக்கெட்டுகளைப் போலக் கிழித்துப் போராட வேண்டியதில்லை. பிரித்தவுடன் முதலில் எழுவது கார்டின் மணம் அல்ல, பபிள்கம்மின் மணம்: இனிப்பும் தூசியும் கலந்த, பழைய மிட்டாய்க் கடை டப்பாவைத் திறந்தாற்போன்ற வாடை. வில்லையை எடுத்தால் கையிலேயே சில்லுச் சில்லாக உடைகிறது. அதை வாயில் போடுவதை வீரமாகக் காட்டும் காணொளிகள் நிறைய உண்டு. தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். கம்மோடு ஒட்டிக் கிடந்த கார்டில் கறை படிந்திருப்பதும், மடிப்பின் பக்கம் இருந்த கார்டில் மெழுகு தேய்ந்திருப்பதும் இந்த வகைப் பெட்டிகளின் பிறவிக் குறை. மென்மையான பருத்தித் துணியால் லேசாகத் துடைத்தால் மெழுகு பெரும்பாலும் போய்விடும். கம் கறை போகாது.

வடிவமைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. வெள்ளை ஓரம், கீழ்ப்பகுதியில் வளைந்து செல்லும் பட்டை, அதில் சாய்வெழுத்தில் அணியின் பெயர், சிறிய எழுத்தில் வீரரின் பெயர். அதற்கு முந்தைய 1987-ஆம் ஆண்டின் மரப்பலகை ஓரம் போல இது எல்லாருக்கும் நினைவில் நிற்கும் வடிவமல்ல. ஆனால் படத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும் அடக்கம் இதில் இருக்கிறது. அச்சுத் தரத்தில் அந்த அடக்கம் அலட்சியமாக மாறிவிடுகிறது. படம் கார்டின் நடுவில் அமைந்திருப்பது அபூர்வம்; ஒரு பக்கத்து வெள்ளை ஓரம் மறுபக்கத்தைப் போல இரு மடங்கு இருக்கும் கார்டுகளே மிகுதி. சில படங்களில் வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாமல், வீரரின் தொப்பி விளிம்பில் மங்கலான நிழல் தெரிகிறது. அட்டை சாம்பல் பழுப்பு நிறத்தில், சற்றே சொரசொரப்பானது. பின்பக்க எழுத்தை வாசிக்க நல்ல வெளிச்சம் வேண்டும். அதே ஆண்டில் அப்பர் டெக், வெள்ளைவெளேரென்ற தாளில், பின்பக்கத்திலும் வண்ணப் படத்தோடு கார்டுகளை வெளியிட்டது என்பதை எண்ணும்போது, டாப்ஸ் எவ்வளவு சோம்பேறித்தனமாக இருந்தது என்பது புரிகிறது.

எந்தக் கார்டு கிடைக்கும் என்பதில் எதிர்பார்ப்பைக் கட்டுக்குள் வைத்திருங்கள். ஒரு கார்டுகூட இரட்டிப்பாக வராது என்று வைத்துக்கொண்டாலும், 792 கார்டுகள் உள்ள தொகுப்பில் குறிப்பிட்ட ஒரு கார்டு 540-இல் அடங்கும் வாய்ப்பு 68 சதவீதம்தான்; நடைமுறையில் இரட்டிப்புகள் வருவதால் அது மேலும் குறையும். எனக்கு ஜெஃப்ரிஸ் கிடைத்தார். இடது ஓரம் கொழுத்து, வலது ஓரம் நூலாக இளைத்த நிலையில் கிடைத்தார். பெட்டியைத் தூக்கி எறிய வேண்டாம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்: அதன் அடிப்பக்கத்தில் நான்கு கார்டுகள் அச்சிடப்பட்டிருக்கும், கத்தரித்து எடுக்காமல் அப்படியே வைத்திருப்பதே நல்லது.

இந்தப் பெட்டியின் உண்மையான சுவை, கார்டுகளை எண் வரிசைப்படி அடுக்கும்போதுதான் வெளிப்படுகிறது. 648-ஆம் எண், ‘ஃபியூச்சர் ஸ்டார்’ முத்திரையோடு சாண்டி அலோமர் ஜூனியர். அதற்கு முந்தைய 647-ஆம் எண், முத்திரை எதுவும் இல்லாமல், மான்ட்ரியல் எக்ஸ்போஸ் சட்டையில் நிற்கும் நெட்டையான பந்து வீச்சாளர் ராண்டி ஜான்சன். அலோமர் நல்ல ஆட்டக்காரர்தான். 1990-இல் அமெரிக்கன் லீக்கின் சிறந்த புதுமுகம், ஆறு முறை ஆல் ஸ்டார் (சிறந்த வீரர்கள் ஆடும் ஆண்டு ஆட்டத்துக்குத் தேர்வானவர்). ஆனால் முத்திரையில்லாத பக்கத்து வீட்டுக்காரர் 303 வெற்றிகளும் 4,875 ஸ்ட்ரைக் அவுட்டுகளும் (பந்தை அடிக்க முடியாமல் மட்டையாளர் வெளியேறுவது) எடுத்தார். 382-ஆம் எண்ணில் ஜான் ஸ்மோல்ட்ஸ், 49-ஆம் எண்ணில் கிரெய்க் பிஜியோ. இருவருக்கும் முத்திரை இல்லை. இந்த மூவரும் 2015-இல் ஒரே ஆண்டில், பேஸ்பாலின் தலைசிறந்தவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் நுழைந்தார்கள். முத்திரை பெற்றவர்களில் டெட்ராய்ட்டின் ஸ்டீவ் சியர்சி மேஜர் லீக்கில் வேரூன்றவே இல்லை. மைக் ஹார்க்கி காயங்களோடு போராடி, பின்னர் பயிற்சியாளராகப் பெயர் எடுத்தார். கேரி ஷெஃபீல்டு மட்டுமே முத்திரைக்கு முழு நியாயம் செய்தவர். 509 ஹோம் ரன்கள் அடித்தும் பேஸ்பால் எழுத்தாளர்களின் வாக்கெடுப்பில் அவருக்கு ஹால் ஆஃப் ஃபேம் கதவு திறக்கவில்லை என்பது தனிக் கதை. ஆக, இந்தப் பெட்டியைத் தயாரித்தவர்களின் கணிப்புத் திறனுக்கு மதிப்பெண் போடச் சொன்னால் நான் தாராளமாகப் போட மாட்டேன். திறமையை அவர்கள் சரியாகவே பார்த்தார்கள். ஒரு வீரரின் இருபத்தொரு வயதை வைத்து அவருடைய முப்பத்தைந்து வயதைச் சொல்லிவிடலாம் என்று நம்பியதில்தான் சறுக்கினார்கள்.

ஜெஃப்ரிஸின் கார்டு பாக்கெட்டுகளில் சுற்றிக்கொண்டிருந்த அதே 1989 சீசனில், அவர் மெட்ஸின் சொந்த மைதானமான ஷே அரங்கத்தில் திணறிக்கொண்டிருந்தார். முழு ஆண்டின் சராசரி 0.258, ஹோம் ரன்கள் 12. முந்தைய ஆண்டுகளில் குறைவான முறைகளே மட்டை பிடித்திருந்ததால் அவர் அப்போதும் புதுமுகமாகவே கருதப்பட்டார். புதுமுக விருதுக்கான வாக்கெடுப்பில் மூன்றாம் இடம் கிடைத்தது. முதலிரண்டு இடங்களைப் பிடித்த சிகாகோ கப்ஸின் ஜெரோம் வால்டனும் டுவைட் ஸ்மித்தும் பிற்பாடு எங்கே போனார்கள் என்று இன்று கேட்டால் பலருக்குத் தெரியாது. ஜெஃப்ரிஸ் அவர்களைவிட நெடுங்காலம் ஆடினார். ஆனால் நியூயார்க்கில் மூன்றாம் இடம் என்பது தோல்வி. இரண்டாம் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் அவருடைய தடுப்பாட்டம் சுமாராகவே இருந்தது. மைனர் லீக்கில் ஷார்ட்ஸ்டாப்பாக (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்பவர்) இருந்தவருக்கு நிலையான இடமொன்றை அணி தரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். செப்டம்பர் 27 அன்று, சொந்த அரங்கில், பிலடெல்பியாவுக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி அவுட்டாக அவர் ஆனபோது, சில மாதங்கள் முன்புவரை தம்முடன் மெட்ஸில் இருந்து, அப்போது பிலடெல்பியாவுக்கு ஆடிய பந்து வீச்சாளர் ரோஜர் மெக்டவலுடன் வாய்த் தகராறு முற்றிக் கைகலப்பானது. சொந்த அணியின் அறையிலேயே அவருக்கு நண்பர்கள் குறைவு என்பது ஊரறிந்த செய்தியாகிவிட்டது.

1990-இல் அவர் அடித்த 40 இரட்டை ஹிட்டுகள் (மட்டையாளரை இரண்டாம் பேஸ்வரை கொண்டுசேர்க்கும் அடிகள்), அந்த ஆண்டு நேஷனல் லீக்கிலேயே மிக அதிகம். சராசரியும் 0.283-க்கு ஏறியது. வேறு எந்த ஊரிலும் இருபத்து மூன்று வயதுப் பையனின் நல்ல வளர்ச்சி என்று இதைச் சொல்லியிருப்பார்கள். 1991 மே மாதத்தில், சகவீரர்களின் விமர்சனங்களால் நொந்துபோய், ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதி, டபிள்யூஎஃப்ஏஎன் விளையாட்டு வானொலிக்கு அனுப்பினார். அது ஒலிபரப்பில் வாசிக்கப்பட்டது. ஒருவர் தடுமாறும்போது தாம் பத்திரிகைகளிடம் ஓடிப்போய் அவரைத் தாழ்த்திப் பேசுவதில்லை, தமக்கும் அதையே எதிர்பார்ப்பதாக அதில் சொல்லியிருந்தார். சொன்னதில் தவறேதும் இல்லை. சொல்லத் தேர்ந்தெடுத்த மேடை தவறு. நியூயார்க்கில் வானொலியில் மனம் திறப்பவருக்கு அனுதாபத்தைவிடக் கிண்டலே அதிகம் கிடைக்கும். அந்த டிசம்பரிலேயே, சிறந்த பந்து வீச்சாளருக்கான சை யங் விருதை இரு முறை வென்ற பிரெட் சேபர்ஹேகனைப் பெறுவதற்காக, கெவின் மெக்ரெனால்ட்ஸ், கீத் மில்லர் ஆகியோருடன் ஜெஃப்ரிஸை மெட்ஸ் கான்சாஸ் சிட்டிக்குக் கொடுத்துவிட்டது.

இதற்குப் பின் நடந்ததை ரசிகர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள். கான்சாஸ் சிட்டியில் ஓராண்டு கழித்து, 1993-இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு மாறினார். முதல் பேஸில் ஓர் இடத்தில் நிறுத்தி, வேறெதையும் கேட்காமல் ஆட விட்டார்கள். சராசரி 0.342, ஹோம் ரன்கள் 16, திருடிய பேஸ்கள் (பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்தவை) 46. முழு சீசனிலும் ஸ்ட்ரைக் அவுட் ஆனது வெறும் 32 முறை. பேட்டிங் சராசரியில் ஆண்ட்ரெஸ் கலராகாவும் டோனி குவின்னும் மட்டுமே லீக்கில் அவருக்கு முன்னே நின்றார்கள். அதே ஆண்டில் மெட்ஸ் 103 ஆட்டங்களில் தோற்றது. 1994-இலும் சராசரி 0.325, இரண்டு ஆண்டுகளும் ஆல் ஸ்டார். பிறகு பிலடெல்பியா, டெட்ராய்ட் என்று நகர்ந்து, தொடைத் தசைக் காயத்தோடு 2000-இல் ஆட்டத்தை முடித்துக்கொண்டார். பதினான்கு சீசன்களின் கணக்கு: 1,593 ஹிட்டுகள், சராசரி 0.289, ஹோம் ரன்கள் 126, திருடிய பேஸ்கள் 196. இந்தக் கணக்கை வேறொரு பெயரில், முத்திரையில்லாத ஒரு கார்டின் பின்பக்கத்தில் படித்தால், நம்பத்தகுந்த நல்ல ஆட்டக்காரர் என்று தலையாட்டிவிட்டு அடுத்த கார்டுக்குப் போவோம். இவரை மட்டும் ஏமாற்றம் என்கிறோம் என்றால், அந்த ஏமாற்றத்தின் பெரும்பங்கை ஜெஃப்ரிஸ் செய்யவில்லை. பெட்டிக்குள் அடைத்து விற்றவர்களும், அதை வாங்கியவர்களும், இருபத்தொரு வயதுக்காரருக்காக அணியின் அடுக்கையே மாற்றிய நிர்வாகமும் சேர்ந்து செய்தார்கள் என்பது என் கருத்து. அவர் பங்கும் இல்லாமல் இல்லை: தடுப்பாட்டத்தில் குறை இருந்தது, உடன் ஆடுபவர்களோடு ஒட்டும் பக்குவம் அந்த வயதில் இருக்கவில்லை.

வாங்குவோருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். மெழுகுத்தாள் பாக்கெட்டுகளைப் பிரித்து, நல்ல கார்டை எடுத்துவிட்டு, மீண்டும் சூட்டில் ஒட்டி விற்பது இந்தத் துறையில் பழைய மோசடி. மடிப்பில் இரண்டு வரிசை மெழுகுத் தடம் தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள். எனினும் இவ்வளவு மலிவான பெட்டிக்காக அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்பவர்கள் குறைவு என்பதால் மிகையாக அஞ்ச வேண்டியதில்லை. ஈரமான நிலவறையில் கிடந்த பெட்டிகளில் கார்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு செங்கல் போல ஆகியிருக்கும். பெட்டியின் மூலைகள் உப்பியிருக்கின்றனவா என்று படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுப் பணம் செலுத்துங்கள். தரச் சான்றிதழுக்கு அனுப்பும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். ராண்டி ஜான்சன் மாசற்ற நிலையில் கிடைத்தால் யோசிக்கலாம், மற்றவற்றுக்குச் சான்றிதழ்க் கட்டணமே கார்டின் விலையைப் போலப் பல மடங்கு. இந்தப் பெட்டியில் பிற்பாடு பெரும் நட்சத்திரமான கென் கிரிஃபி ஜூனியரைத் தேடவும் வேண்டாம். அவர் டாப்ஸின் அந்த ஆண்டுத் துணைத் தொகுப்பில்தான் வந்தார். கிரிஃபியின் புகழ்பெற்ற முதல் கார்டு அப்பர் டெக்கினுடையது. அதன் பெட்டி இதைப் போலப் பல மடங்கு விலை.

பாக்கெட் பிரிக்கும் மகிழ்ச்சி தேவையில்லை, 792 கார்டுகளும் முழுதாக வேண்டும் என்பவர்கள், ஆலையிலேயே வரிசையாக அடுக்கி விற்கப்பட்ட முழுத் தொகுப்பை வாங்குவது புத்திசாலித்தனம். விலையும் ஏறக்குறைய இதே அளவுதான், கம் கறையும் இராது. பளபளப்பான தாளில் குறைந்த எண்ணிக்கையில் வந்த ‘டிஃபனி’ பதிப்பு ஒன்றும் உண்டு; அது உண்மையான சேகரிப்பாளர்களுக்கானது, விலையும் அப்படியே. என்னைப் போல ஜெஃப்ரிஸை மட்டும் தேடுபவர்களுக்கு ‘ஃபியூச்சர் ஸ்டார்’ கார்டு தனியாக ஒரு டாலருக்குள் கிடைக்கும். அதை வாங்கும்போது, அதே விற்பனையாளரிடம் 1994-ஆம் ஆண்டு டாப்ஸ் தொகுப்பின் ஜெஃப்ரிஸ் கார்டையும் கேளுங்கள். அதில் அவர் கார்டினல்ஸ் உடையில் இருப்பார், முகப்பில் எந்த முத்திரையும் இருக்காது, பின்பக்கத்தில் 0.342 இருக்கும், பெரும்பாலும் அஞ்சல் செலவுக்கு மேல் எதுவும் கேட்க மாட்டார்கள்.